சீட்டுக்கு அடியில் ஒரு சரித்திரம்

கி.பி. 1755. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் புதிதாக ஒரு ஃபௌஜ்தார் வந்து இறங்கினார். மைசூர் அரசு அனுப்பிவைத்த தளபதி. முப்பதைத் தாண்டிய வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், மனக்கணக்கில் புலி! பிற்காலத்தில் வெள்ளைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கப்போகும் ஹைதர் அலிதான் அந்த ஆசாமி.

சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் கப்பம் கட்டாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஹைதர் படையோடு போனார், அடக்கினார். அதோடு விட்டாரா? காயம்பட்ட வீரர்களின் கணக்கை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் போரில் அடிபட்ட சிப்பாய்க்கு, புண் ஆறும்வரை அரசாங்கம் ஒரு தொகை தரும். அதற்கு ‘ஸக்ம் பட்டி’ என்று பெயர். ஸக்ம் என்றால் காயம். பட்டி என்றால் காயத்தின் மேல் சுற்றுகிற துணி. ஆக, ‘கட்டுத்துணிப் பணம்’!

தலைநகரத்திலிருந்து அதிகாரி ஒருவர் பணத்தோடு வந்து சேர்ந்தார். அவர் கண்முன் அணிவகுத்து நின்றவர்கள் சுமார் 700 பேர். கையிலும் காலிலும் மஞ்சள் தடவிய துணிக்கட்டு! சிலர் முனகினார்கள், சிலர் நொண்டினார்கள். அதிகாரி மனம் இளகிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். நிஜமாகவே காயம்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 67 பேர்! மற்றதெல்லாம் ஹைதரின் டைரக்‌ஷன். மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1810-ல் வெளிவந்த தன் தென்னிந்திய சரித்திரத்தில் இந்தக் கூத்தை விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார்.

‘இதுக்கும் எனக்கும் என்னப்பா சம்பந்தம்?’ என்கிறீர்களா? இருக்கிறது. உங்கள் பைக்கின் சீட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அல்லது சைடு பாக்ஸைத் திறந்து பாருங்கள். வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் சாவியோடு சேர்த்துக் கொடுத்த ஒரு குட்டி முதலுதவிப் பை அங்கே கிடக்கும். ஜிப்பைக்கூடத் திறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்திரி வெயிலில் வெந்து, பசை உருகி, கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இருக்கிறது என்று பேர். ஆனால், ஆபத்துக்கு உதவாது. இதுவும் ஒரு மஞ்சள் துணிக் கட்டுதானே!

இன்றைய திண்டுக்கல்லைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மலைக்கோட்டைக்குக் கீழே நாலு திசையிலும் சமவெளி. வடக்கே வேடசந்தூர் வழியாகக் கரூருக்கும், தெற்கே கொடைரோடு வழியாக மதுரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிற நான்குவழிச் சாலை. மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி. ஒருபக்கம் வத்தலக்குண்டு, இன்னொரு பக்கம் நத்தம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை, நிலக்கோட்டைக்குப் பூக்கூடை, வீட்டுக்கு வீடு பால் கேன், மில்லுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்... எல்லாமே டூ வீலரில்தான். தைப்பூசம் வந்துவிட்டால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அதே ரோட்டில்.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூ வீலரில் போனவர்கள் மட்டும் 44.5 சதவிகிதம். ஹைதர் காலத்துச் சண்டைகள் எல்லாம் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது!

அதனால்தான் அந்தக் குட்டிப் பையை இந்த வாரம் திறக்கப்போகிறோம். அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. யாரோ ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்ட பாடம் உண்டு. பாடம் தெரிந்தால்தான் பையில் எதை வைப்பது, எதைத் தூக்கி எறிவது என்பது புரியும்.

முதல் பாடம்: காயத்தின் மேல் எதை ஊற்றக் கூடாது?

1537. பிரெஞ்சுப் படை இத்தாலியில் டூரின் நகரத்துப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. படையோடு போயிருந்த இளம் வைத்தியர் ஆம்ப்ரோய்ஸ் பாரே. முடிதிருத்தும் தொழிலோடு ரண வைத்தியமும் கற்றவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இரண்டும் ஒரே கை வேலை; நம்ம ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான். துப்பாக்கிக் குண்டு பட்ட காயத்தில் விஷம் இருக்கிறது, அதை எரித்தே ஆகவேண்டும் என்பது அன்றைய டாக்டர்களின் முடிவு. எப்படி எரிப்பது? கொதிக்கக் கொதிக்க எண்ணெயைக் காயத்துக்குள் ஊற்றுவது!

ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோனது. பாரே வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துத் தடவிவிட்டார். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. விடிந்தால் எத்தனை பேர் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்று பயம். காலையில் போய்ப் பார்த்தால், குழம்பு தடவியவர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள்தான் காய்ச்சலில், வீக்கத்தில், வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பாரே கொதிக்கும் எண்ணெயைத் தொடவில்லை.

கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டது. நம் ரோட்டோரத்தில் இன்னமும் எண்ணெய் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது! ரத்தம் வந்தால் காபித்தூள் வைத்து அமுக்குவது, சிராய்ப்பில் பெட்ரோல் ஊற்றுவது, சைலன்ஸர் சுட்ட இடத்தில் டூத்பேஸ்ட் தடவுவது... நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால், அதையெல்லாம் சுரண்டி எடுக்கிற வேலை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவுக்கு, வலி உங்களுக்கு. மண்ணும் ஜல்லித்தூளும் ஒட்டிய சிராய்ப்புக்குச் சுத்தமான தண்ணீர் போதும். சைலன்ஸர் சூட்டுக்கு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுவதைவிட நல்ல மருந்து கிடையாது.

இரண்டாவது பாடம் ஒரு முக்கோணத் துணி.

1859, ஜூன் 24. வடக்கு இத்தாலியில் ஸோல்ஃபெரினோ என்ற இடத்தில் பெரும் போர். ஒரே நாளில் சுமார் 40,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். பிசினஸ் விஷயமாக அந்தப் பக்கம் வந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹென்றி துனான், பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயில் பார்த்த காட்சி அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடும் கிழித்த துணிகளோடும் வந்து, நம்ம நாட்டுக்காரன், எதிரி நாட்டுக்காரன் என்று பார்க்காமல் கட்டுப்போட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து முளைத்ததுதான் 1863-ல் தொடங்கிய செஞ்சிலுவை இயக்கம்.

கவனியுங்கள்... அந்தப் பெண்களில் யாரும் டாக்டர் இல்லை!

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் எஸ்மார்க் என்ற ஜெர்மானிய ராணுவ சர்ஜன். சண்டைக்களத்தில் டாக்டர் வந்து சேர்வதற்குள் சிப்பாய் ரத்தம் இழந்து செத்துவிடுகிறான். பக்கத்தில் இருப்பவன் யார்? இன்னொரு சிப்பாய். அவனுக்கே கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தால் என்ன? முக்கோணமாக வெட்டிய பருத்தித் துணியை எஸ்மார்க் பிரபலமாக்கினார். அந்தத் துணியின் மேலேயே படம் அச்சடித்தார். தலையில் கட்டுவது இப்படி, கையைத் தொட்டில் போலத் தொங்கவிடுவது இப்படி, முழங்காலுக்கு இப்படி என்று. படிக்கத் தெரியாதவன்கூடப் படத்தைப் பார்த்துக் கட்டிவிடலாம். என்ன மூளை பாருங்கள்! 1881-ல் லண்டனுக்குப் போனவர், அங்கே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்துவதைப் பார்த்தார். ஊர் திரும்பி, 1882-ல் கீல் நகரத்தில் ‘சமாரியர் பள்ளி’ ஆரம்பித்தார். போலீஸ்காரர், ரயில்வே ஊழியர், கடைக்காரர்... யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம்.

லண்டனில் அந்த வகுப்புகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர், பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ டாக்டர். 1878-ல் சாதாரண ஜனங்களுக்காக அவர் எழுதிய கையேடு அச்சாகி வருவதற்குள் தென்னாப்பிரிக்காவுக்குப் போகச் சொல்லி உத்தரவு. 1879, ஜனவரி 22-ல் இஸாண்டில்வானா என்ற இடத்தில் ஜூலு படையிடம் பிரிட்டிஷ் படை தோற்றுச் சிதறி ஓடியது. ஷெப்பர்டும் குதிரையில் தப்பியிருக்கலாம். வழியில் ஒருவன் அடிபட்டு விழுந்து கிடந்தான். இறங்கினார், அங்கேயே கொல்லப்பட்டார். கையேடு அவர் செத்தபிறகுதான் வெளிவந்தது. ‘அடிபட்டவனைக் கண்டால் நில்’ என்ற பாடத்தை எழுதியவர், அப்படி நின்றதாலேயே உயிரை விட்டார்.

முக்கோணக் கட்டுக்குப் பெரிய செலவு கிடையாது சார்! ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள பருத்திக் காடாத் துணி வாங்குங்கள். சின்னாளபட்டிக்காரர்களுக்குப் பருத்தித் துணியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். கை முறிந்தால் தொட்டில், கணுக்கால் பிசகினால் இறுக்கு, புண்ணின் மேல் வைத்த பஞ்சுத்துணி நழுவாமல் இருக்கக் கட்டு... எல்லாமே அந்த ஒரே துணி. நம்ம பெரியவர்கள் தோளில் கிடக்கும் துண்டும் காலம் காலமாக இந்த வேலையைச் செய்துகொண்டுதானே இருக்கிறது!

மூன்றாவது, அந்தப் பெட்டி.

துணி, மருந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிற யோசனை வந்தது 1888-ல். அமெரிக்காவில் காட்டிலும் மேட்டிலும் தண்டவாளம் போட்ட தொழிலாளர்கள் கை கால் நசுங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கோ இருக்கும். ரயில் பயணத்தில் ஒரு ரயில்வே சர்ஜன் இதைச் சொல்லப்போய், ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் ராபர்ட் உட் ஜான்சனுக்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள். அந்த வருஷமே கம்பெனி முதலுதவிப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. அதே கம்பெனியில் பஞ்சு கொள்முதல் பார்த்த ஏர்ல் டிக்ஸன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காக 1920-ல் பிளாஸ்திரியில் பஞ்சை ஒட்டிவைத்தார். அதுதான் ‘பேண்ட் எய்ட்’!

ஆக, நம் பையில் இருப்பதில் பாதி போர்க்களத்திலிருந்து வந்தது, மீதி ரயில் ரோட்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்தது. மோட்டார் பைக்குக்கென்றே வந்த பாடம் எது? அது ஒரு பிரபலத்தின் சாவில் ஆரம்பிக்கிறது.

டி.ஈ.லாரன்ஸ். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகமே கொண்டாடிய ஆள். பைக் என்றால் உயிர். 1935, மே 13-ல் இங்கிலாந்தில் டோர்செட் பகுதியில் தன் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில் ‘பிரஃப் சுப்பீரியர்’ பைக்கில் வந்துகொண்டிருந்தார். மேடு பள்ளமான ரோடு. திடீரென எதிரே சைக்கிளில் இரண்டு பையன்கள். திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவே திரும்பாமல், மே 19-ல் இறந்துபோனார். வயது 46.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத் தபால்களைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பறந்த இளைஞர்கள், விளக்கு அணைக்கப்பட்ட ரோடுகளில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். 1941-ல் கெய்ர்ன்ஸ் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது: போர் தொடங்கிய முதல் 21 மாதத்தில் பிரிட்டனில் பைக் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 2,279 பேர் சாலை விபத்தில் பலி. எதிரியின் குண்டால் இல்லை, ரோட்டில்! தலைக்காயம்தான் முக்கியக் காரணம். ஹெல்மெட்டோடு விழுந்தவர்களாக அவரிடம் வந்தவர்கள் ஏழே ஏழு பேர். ஏழு பேருமே பிழைத்தார்கள். 1941 நவம்பரில் ராணுவ பைக்குகளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. சாவு எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. ஆனால், பிரிட்டனில் எல்லோருக்கும் சட்டமானது 1973-ல்தான். அங்கேயே 32 வருஷம் ஆகியிருக்கிறது! தமிழ்நாட்டில் 2007-லும், ஐகோர்ட் உத்தரவுக்குப் பிறகு 2015-லும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். இன்னமும் நம்மாட்கள் பலருக்கு ஹெல்மெட் என்பது பெட்ரோல் டேங்க்கின் தலையைக் காப்பாற்றுகிற சாமான்தான்.

பைக்காரனின் முதலுதவிப் பெட்டியில் முதல் ஐட்டம் பெட்டிக்குள் இல்லை, தலைமேல் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் எதனாலும் உடைந்த மண்டையை ஒட்ட முடியாது.

சரி, பெட்டிக்குள் இருப்பது எதற்கு? ரத்தத்தை நிறுத்துவதற்கு. 1718-ல் பெட்டி என்ற பிரெஞ்சு சர்ஜன் (ஆமாம், பெயரே பெட்டிதான்!) திருகு வைத்த இறுக்குப்பட்டையைக் கண்டுபிடித்தார். கை, காலின் மேற்பக்கம் சுற்றித் திருகினால் ரத்தம் நிற்கும். பிறகு, கண்ட கண்ட காயத்துக்கெல்லாம் இறுக்கி, மணிக்கணக்கில் விட்டு, கால் அழுகிப்போன கதைகள் சேர்ந்து அதற்குக் கெட்ட பேர் வந்தது. ‘கடைசி வழி’ என்று புத்தகங்களில் ஒதுக்கிவைத்தார்கள். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் யுத்தங்களில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் திரும்ப எண்ணிப் பார்த்தபோது, உடம்பு ரத்தமிழந்து துவளும் முன்பே கட்டியவர்கள் அதிகம் பிழைத்தது தெரிந்தது. இறுக்குப்பட்டை மறுபடி மரியாதையோடு திரும்பியது. 2015-ல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம் ஆரம்பமானது. ஆனால், ஒரு விஷயம் மாறவில்லை. பத்தில் ஒன்பது காயத்துக்குச் சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துவதே போதும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி.

இவ்வளவு பாடம் இருந்தும் நம் ரோட்டில் அடிபட்டவர்களைச் சுற்றிக் கூட்டம் மட்டும்தானே நிற்கிறது? கை நீட்டத் தயங்குவது ஏன்? ஈவு இரக்கம் இல்லாததாலா? இல்லவே இல்லை. பயம்! போலீஸ், சாட்சி, கோர்ட், அலைச்சல்.

அந்தப் பயத்துக்கும் சரித்திரம் உண்டு. 1980-களின் கடைசியில் டெல்லிப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. கார் மோதி விழுந்த ஸ்கூட்டர்காரர் ஒருவரைப் புண்ணியவான் ஒருவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். ‘இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது’ என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பரமானந்த் கட்டாரா என்பவர் அந்தச் செய்தியை வைத்தே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1989-ல் தீர்ப்பு: அரசு டாக்டரோ, தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, போலீஸ் சம்பிரதாயம் எதுவும் அதற்குக் குறுக்கே வர முடியாது.

டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு? 2016, மார்ச் 30-ல் உதவி செய்பவர்களைப் பாதுகாக்கும் விதிகளுக்கு சுப்ரீம் கோர்ட் முத்திரை குத்தியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் சாரம் இதுதான்: நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. திண்டுக்கல்லிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

டாக்டர் தயார், சட்டம் தயார், வண்டி தயார். இடையில் ஒரு பத்து, பதினைந்து நிமிஷம் இருக்கிறதே... ஆம்புலன்ஸ் வந்து சேர்கிற வரைக்கும்? அந்த நேரம் உங்களுடையது. அதற்காகத்தான் பை.

இப்போது கட்டுவோமா? டிபன் பாக்ஸ் அளவில், தண்ணீர் புகாத ஜிப் பை ஒன்று போதும். முதலில் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. மற்றவர் ரத்தம் நம் கையில் படக் கூடாது என்பதற்காக. கையுறை இருந்தால் தயக்கமும் பாதி குறைந்துவிடும். நான் மேலே சொன்ன முக்கோணத் துணி இரண்டு. சீல் பிரிக்காத, கிருமி நீக்கிய காஸ் துணிப் பொட்டலம் நாலைந்து. அதில் இரண்டு பெரியதாக. நாலு அங்குல ரோலர் பேண்டேஜ் இரண்டு. சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ். காகித டேப் ஒரு சுருள். பேண்ட் எய்ட் பத்து. புண் கழுவ 100 மில்லி சலைன் பாட்டில். இல்லாவிட்டால் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில். சின்னச் சிராய்ப்புக்கு பொவிடோன் அயோடின் ட்யூப் ஒன்று. முனை மழுங்கிய கத்தரிக்கோல் முக்கியம். ஜீன்ஸை வெட்டித்தான் காயத்தைப் பார்க்க முடியும், இழுத்துக் கழற்றினால் முறிந்த எலும்பு இன்னும் விலகும். வெயில் மயக்கத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பாக்கெட். குட்டி டார்ச். ஒரு பேனா. இறுக்குப்பட்டை வாங்குவதாக இருந்தால், ஒரு முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டு வாங்குங்கள். காயத்துக்கு மேலே மூணு விரற்கடை தள்ளி, கை, காலில் மட்டும், மூட்டின்மேல் கூடாது, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும், அவிழ்ப்பது டாக்டரின் வேலை.

கடைசியாக ஒரு சீட்டு. உங்கள் பெயர், ரத்த வகை, அலர்ஜி உள்ள மருந்து, சர்க்கரை, பிரஷர் உண்டா, வீட்டு நம்பர்கள் இரண்டு. ஏனென்றால், இந்தப் பையை உங்களுக்காக வேறு யாரோ திறக்கப்போகிற நாளும் வரலாம். அதனால்தான் பையின் மேல் சிவப்பில் பெரிதாக ‘முதலுதவி’ என்று எழுதச் சொல்கிறேன். தயவுசெய்து பூட்டிவைக்காதீர்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இது கஷ்டமான அட்வைஸ்தான்! சீட்டுக்கு அடியில் வைத்தால் சாவி வேண்டும். அடிபட்டவரின் சாவியை யார் தேடுவது? பின்சீட்டுக் கம்பியில், கை எட்டுகிற இடத்தில் கட்டிவிடுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் வரிசை இதுதான். முதலில் உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டு, வருகிற வண்டிகளுக்குக் கை காட்ட ஒரு ஆளை நிறுத்துங்கள். 108-க்கு போன், நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு. ‘வேடசந்தூர் பக்கத்துல’ என்று சொன்னால் போதாது; கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், கரூர் போகிற பக்கமா, மதுரை போகிற பக்கமா என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் மூச்சு, அப்புறம் ரத்தம், அப்புறம்தான் எலும்பு. மூச்சு அடைக்காதவரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பில் அடி இருக்கலாம். கழற்றியே ஆகவேண்டிய நிலை என்றால், ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது. அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். மடக்கி ஆட்டோவில் திணிப்பதும் வேண்டாம். போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருங்கள். ‘ஒண்ணுமில்லண்ணே, வண்டி வந்துக்கிட்டு இருக்கு’ என்ற அந்த ஒரு குரலும் முதலுதவிதான்.

ஒரே ஒரு பிரச்னை பாக்கி. நம்ம சமவெளி வெயிலில் டேப்பின் பசை உருகும், மருந்து காலாவதி ஆகும். யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்கு நம்மிடமே ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜை! அன்றைக்குத்தான் வண்டியைத் தேய்த்துக் கழுவி, சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். மாலை போடுவதற்கு முன்னால் அந்தப் பையையும் ஒருமுறை பிரித்துக் கொட்டி, தேதி பாருங்கள். பழசை எறிந்துவிட்டுப் புதுசு வையுங்கள். ஆறு மாசம் கழித்துச் சித்திரை ஒண்ணாம் தேதி இன்னொரு தடவை. செலவு, ஃபுல் டேங்க் பெட்ரோலைவிடக் குறைவுதான்.

ஹைதரின் 700 மஞ்சள் கட்டுகளில் 67 மட்டும் நிஜம். உங்கள் வண்டியில் இருப்பது அந்த 67-ல் ஒன்றா, மீதியில் ஒன்றா? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்களேன்!